கோல்கீப்பரின் காலக் கணக்கு

1982-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11-ஆம் தேதி மாட்ரிட் நகரத்து மைதானத்தில் மேற்கு ஜெர்மனியை 3-1 என்ற கணக்கில் வென்று உலகக் கோப்பையைக் கையில் ஏந்திய இத்தாலிய அணியின் தலைவர் டீனோ ஜோஃபுக்கு அப்பொழுது நாற்பது வயது பூர்த்தியாகி நான்கு மாதங்கள் கடந்திருந்தன. அதே அணியில் அவருக்கு முன்னே நின்று தடுத்தாடிய பெர்கோமி என்ற வாலிபருக்கோ வயது பதினெட்டுத்தான். இங்கிலாந்தின் பீட்டர் ஷில்டன் 1990-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஆடியபோது அவருக்கும் வயது நாற்பது. இவர்களை இளைஞர்கள் என்று சொல்ல வைத்தவர் எகிப்து நாட்டின் எஸ்ஸாம் எல் ஹதாரி. 2018-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் தேதி ருஷ்யாவின் வோல்கோகிராட் நகரில் சவூதி அரேபியாவை எதிர்த்து அவர் இறங்கியபோது அவருடைய வயது 45 ஆண்டும் 161 நாட்களும். அன்று தம்மை நோக்கி உதைக்கப்பட்ட முதல் பெனால்டியை அவர் தட்டியும் விட்டார். உலகக் கோப்பையில் அதற்கு முன் அத்தனை வயதில் எவரும் ஆடியதில்லை.

மற்ற ஆட்டக்காரர்களுக்கு முப்பத்திரண்டு வயதிலேயே விடைகொடுக்கும் பேச்சு ஆரம்பித்துவிடுகிற ஓர் ஆட்டத்தில், இம்மூவரும் இத்தனை காலம் நிலைத்தது எவ்வாறு? மூவரும் கோல்கீப்பர்கள் என்பதே விடை என்று எவரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். கோல்கீப்பர் ஓடவேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே நிற்பவர், ஆகையால் உடல் தேய்வதில்லை என்பது இதற்குப் பொதுவாகக் கூறப்படும் சமாதானம். அதில் பாதி உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஒரு முழு ஆட்டத்தில் மைய ஆட்டக்காரர் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுகையில், கோல்கீப்பர் கடக்கும் தூரம் 5 அல்லது 6 கிலோமீட்டர். அதிலும் பெரும்பகுதி நடை. ஆனால் ஓடும் தூரத்தை மட்டும் கணக்கில் எடுப்பவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். கோல்கீப்பரிடம் ஆட்டம் கேட்பது, எந்த முன்னறிவிப்புமின்றி ஒரு கணத்தில் வெடித்துக் கிளம்பும் பாய்ச்சலை. அவ்விதமான பாய்ச்சலைத் தரும் வேகத் தசைநார்களோ, நம் சரீரத்தில் வயதின் கை முதலில் விழும் இடங்களில் ஒன்று. சகிப்புச் சக்தி நாற்பதிலும் ஓரளவு நிற்கும். திடீர் வேகம் அதற்கு வெகு முன்பே குறையத் தொடங்கிவிடும். ஆகவே நியாயப்படி பார்த்தால் அணியில் முதலில் ஓய்வு பெறவேண்டியவர் கோல்கீப்பராகவே இருக்கவேண்டும். நடப்பு இதற்கு நேர்மாறாக இருப்பதன் காரணத்தைத் தேடிப் புறப்பட்டால், பந்தைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் மூளையைப் பற்றியும் சில சுவையான உண்மைகள் வழியில் கிடைக்கின்றன.

முதலில் பெனால்டியை எடுத்துக்கொள்வோம்; அங்கே எல்லா அளவுகளும் நிர்ணயமாக இருப்பதால் கணக்குப் போடுவது எளிது. கோல்கீப்பர்களுக்குத் தலைவலியாக வாய்த்த இந்த விதியை முன்மொழிந்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மெக்ரம் என்பவர். அவரும் ஒரு கோல்கீப்பர் என்பது சரித்திரத்தின் குறும்பு. 1891-ஆம் ஆண்டில் விதி அமலுக்கு வந்தது. கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர், பந்து வைக்கப்படும் புள்ளிக்கும் கோல்கோட்டுக்கும் இடையே 11 மீட்டர். நன்றாக உதைக்கப்பட்ட பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது சர்வசாதாரணம். அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். அந்த வேகத்தில் 11 மீட்டரைக் கடக்க அதற்குச் சுமார் 0.4 விநாடி போதும்.

இந்த 0.4 விநாடிக்குள் கோல்கீப்பரின் உடலுக்குள் என்னென்ன நடந்தாக வேண்டும்? பந்திலிருந்து வரும் ஒளி விழித்திரையில் பட்டு, அங்கே ரசாயன மாறுதல்களை உண்டாக்கி, பார்வை நரம்பின் வழியாகப் பின்மண்டையிலுள்ள மூளைப்பகுதியைச் சென்றடைந்து, அங்கிருந்து பல இடங்களில் பரிசீலிக்கப்பட்டு, இடப்பக்கமா வலப்பக்கமா என்ற தீர்ப்பு பிறந்து, அத்தீர்ப்பு தண்டுவடத்தின் வழியாக இறங்கிக் கால் தசைகளை எட்டவேண்டும். நரம்புகளில் செய்தி விநாடிக்கு 50 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்கிறதாகையால், வழிப்பயணத்தில் தாமதம் அதிகமில்லை. விழித்திரையின் ரசாயன வேலையும், மூளை தீர்ப்புச் சொல்வதற்குள் ஆகும் அவகாசமுமே நேரத்தை விழுங்குகின்றன. ஒரு விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்து என்ற மிகச் சாதாரணமான சோதனையிலேயே ஆரோக்கியமான வாலிபனுக்கு 0.2 விநாடி ஆகிவிடுகிறது; இரண்டு திசைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டுமானால் இன்னும் சற்று அதிகம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் தசை சுருங்க ஆரம்பிக்கிறது. எண்பது, தொண்ணூறு கிலோ எடையுள்ள சரீரத்தைத் தரையிலிருந்து கிளப்பி மூன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் கம்பத்தருகே கொண்டுசேர்க்க அதற்கு அரை விநாடிக்குக் குறையாமல் வேண்டும். ஆக, மொத்தத் தேவை முக்கால் விநாடியை நெருங்குகிறது. கையிருப்போ அதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது.

பந்து காலை விட்டுப் புறப்பட்டதைப் பார்த்தபின் பாய்கிறவர், மூலையை நோக்கி வேகமாக வரும் பந்தை ஒருக்காலும் தடுக்கமுடியாது என்பதே இதன் பொருள். மனிதனின் வேகத்தை எவ்வளவு பழக்கினாலும் இந்தக் கணக்கு நேராகாது. இருந்தும் பெனால்டிகள் தடுக்கப்படுகின்றனவே! தடுக்கிறவர் பந்தைப் பார்ப்பதற்கு முன்பே ஏதோ ஒன்றைப் பார்த்துவிடுகிறார்.

அந்த ‘ஏதோ ஒன்று’ எது என்று கண்டறிய ஆம்ஸ்டர்டாமில் ஒரு சோதனை செய்தார்கள். உதைப்பவர் ஓடிவரும் காட்சியைப் பெரிய திரையில் ஆளுயரத்துக்குக் காட்டி, பார்ப்பவரின் விழி எங்கெங்கே செல்கிறது என்பதைக் கருவி கொண்டு பதிவு செய்தார்கள். கையிலுள்ள ஒரு பிடியை நகர்த்திப் பந்து செல்லும் திசையை அவர் காட்டவேண்டும். 2002-இல் வெளிவந்த முடிவு இது: தேர்ச்சியில்லாதவர்களின் கண்கள் உதைப்பவரின் உடற்பகுதியிலும் கைகளிலும் இடுப்பிலும் அலைந்தன, தேர்ந்த கோல்கீப்பர்களின் கண்களோ, உதைக்கும் காலிலும், தரையில் ஊன்றும் மற்றக் காலிலும், பந்தைச் சுற்றிய இடத்திலும் நிலைத்தன. தேர்ந்தவர்கள் சற்றுப் பொறுத்தே பிடியை நகர்த்தினார்கள். நகர்த்தியபின் திருத்திக்கொண்டதும் குறைவு. ஊன்றுகாலின் பாதம் பெரும்பாலும் பந்து செல்லவிருக்கும் திக்கை நோக்கியே அமைகிறது. அது தரையில் பதியும் கணத்துக்கும் பந்து புறப்படும் கணத்துக்கும் இடையேயுள்ள சிறு இடைவெளிதான் கோல்கீப்பரின் முதலீடு. ஆனால் அங்கேயும் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. அதிக முன்னதாக அசைந்துவிட்டால் உதைப்பவர் அதைக் கண்டு மறுபக்கம் திருப்பிவிடுவார். அதிகம் தாமதித்தால் மேலே சொன்ன கணக்கு அவரை விழுங்கிவிடும். சாமர்த்தியம் முழுவதும் இவ்விரண்டுக்கும் நடுவே, விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிக் கிடக்கிறது.

கண்ணோடு காதும் இதில் சேர்கிறது. பந்தை உதைக்கும் ஓசை 11 மீட்டரைக் கடந்து கோல்கீப்பரை அடைய விநாடியில் நூற்றில் மூன்று பங்கு ஆகிறது. ஒளியோ அதே கணத்தில் வந்துவிடுகிறது. கண்டதையும் கேட்டதையும் ஒரே சம்பவம் என்று இணைத்துக்கொள்வதற்கு நம் எல்லோருடைய மூளையும் ஒரு சிறு கால அளவை ஒதுக்கி வைத்திருக்கிறது. டப்ளின் நகர ஆய்வாளர்கள் 2023-இல், தொழில்முறைக் கோல்கீப்பர்களையும் மற்ற ஆட்டக்காரர்களையும் கால்பந்து ஆடாதவர்களையும் சேர்த்து 60 பேரைச் சோதித்தார்கள். ஒருமுறை மட்டும் ஒளியை மின்னச்செய்து, கூடவே இரண்டு ஒலிகளை எழுப்பினால், ஒளியும் இருமுறை மின்னியதாகப் பலருக்கும் ஒரு மயக்கம் தோன்றும். இம்மயக்கத்தைக் கொண்டு அளந்தபோது, கோல்கீப்பர்களிடம் இந்த இணைப்புக் கால அளவு மற்றவர்களைக் காட்டிலும் குறுகியதாக இருந்தது. அதாவது, கண்ணின் சாட்சியத்தையும் காதின் சாட்சியத்தையும் தனித்தனியே நிறுத்தி விசாரிக்கும் சக்தி அவர்களிடம் மிகுந்திருந்தது. அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர் தாமே முன்னாள் கோல்கீப்பர். இச்சக்தி பிறவியிலேயே வாய்த்ததா, பயிற்சியால் வந்ததா என்பது வேறு கேள்வி. எனக்கென்னவோ இரண்டும் கலந்ததாகவே இருக்கும் என்று தோன்றுகிறது.

இந்த முன்னறிவு ஒரு கோல்கீப்பரின் வாழ்க்கையில் எப்படிப் படிப்படியாகச் சேர்கிறது என்பதற்கு ருஷ்யாவின் லெவ் யாஷினைக் காட்டிலும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. 1929-ஆம் ஆண்டு அக்டோபரில் மாஸ்கோவில் தொழிலாளர் குடும்பமொன்றில் பிறந்த அவர், யுத்த காலத்தில் சிறுவனாகவே தொழிற்சாலை வேலைக்குச் சென்று, அத்தொழிற்சாலை அணியில் ஆடிப் பிறகு டைனமோ மாஸ்கோ சங்கத்தில் சேர்ந்தார். அங்கே அவருடைய ஆரம்பம் சிரிப்புக்கு இடமானது. ஒரு பயிற்சிப் போட்டியில் எதிரணியின் கோல்கீப்பர் தமது எல்லையிலிருந்து உதைத்து அனுப்பிய நெடும் பந்தைப் பிடிக்க ஓடி, தம் அணிக்காரர் மீதே மோதி, பந்தைக் கோலுக்குள் போகவிட்டார். 1950-இல் பெரிய ஆட்டங்களில் வாய்ப்புக் கிடைத்தபோதும் தடுமாறினார். முதல் ஸ்தானத்தில் ‘புலி’ என்று பேர்பெற்ற அலெக்ஸி கோமிச் இருந்ததால், 1953 வரை இரண்டாம் அணியிலேயே காத்திருந்தார்.

அந்தக் காத்திருப்பு வீண்போகவில்லை. குளிர்காலங்களில் டைனமோ சங்கத்தின் பனி ஹாக்கி அணியிலும் அவர் கோல் காத்தார். 1953-இல் அந்த அணி சோவியத் கோப்பையை வென்றபோது கோலில் நின்றவர் அவர்தாம். பனி ஹாக்கியில் சிறிய ரப்பர் வட்டு கால்பந்தை விட வேகமாக வரும், கூட்டத்துக்குள் மறைந்து மறைந்து வரும். வட்டையே நம்பியிருக்கிற காவலன் அங்கே ஒரு நாளும் பிழைக்க முடியாது. மட்டையின் கோணத்தையும் தோளின் திருப்பத்தையும் கொண்டே அதன் வருகையை யூகிக்கவேண்டும். கண்ணை முன்னே அனுப்பிப் பழக்குவதற்கு அதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் இருக்கமுடியுமென்று நான் நினைக்கவில்லை. பிறகு வந்த பதினேழு ஆண்டுகளில் டைனமோவுக்கு அவர் ஐந்து முறை சோவியத் சாம்பியன் பட்டத்தையும் மூன்று முறை கோப்பையையும் பெற்றுத் தந்தார். 1956-இல் மெல்பர்னில் ஒலிம்பிக் தங்கம், 1960-இல் பாரிஸில் ஐரோப்பியக் கோப்பை. வேறு எந்தச் சங்கத்துக்கும் அவர் ஆடியதில்லை.

அதே மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியிலும் நம்மவர்கள் நினைவில் வைக்கத்தக்க ஒரு கோல்கீப்பர் இருந்தார். ஹைதராபாத்தில் வளர்ந்து, ராணுவத்தில் சேர்ந்து, மதராஸ் ரெஜிமென்ட் மைய அணியின் சார்பில் 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பையை வென்ற பீட்டர் தங்கராஜ்தான் அவர். 1962-இல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் பெற்ற இறுதி ஆட்டத்தில் கோலில் நின்றவரும் அவரே. அவர் தொடக்கத்தில் முன்கள ஆட்டக்காரராக இருந்து பின்னர் கோலுக்குச் சென்றவர். கோல் அடிக்கிறவனின் மனம் எந்த இடத்தை நாடும் என்பதை அவர் உள்ளிருந்தே அறிந்திருப்பார்.

யாஷினுடைய விசேஷம் கோல்கோட்டிலேயே கட்டுண்டு நில்லாமல் முன்னேறி வந்து எதிரியைச் சந்தித்ததில் இருக்கிறது. தம் தடுப்பாட்டக்காரர்களை ஓயாமல் கூவி இடம் மாற்றுவதும், உயர்ந்து வரும் பந்தைப் பெனால்டி பகுதியின் விளிம்புவரை ஓடிவந்து முஷ்டியால் குத்துவதும் அக்காலத்தில் புதுமை. முன்னேறி வருவதன் பயன் ஜியோமிதி படித்த எவருக்கும் புரியும். உதைப்பவர் கோலுக்கு நேரே 16 மீட்டர் தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காவலர் கோல்கோட்டில் நின்றால் காக்கவேண்டிய அகலம் 7.32 மீட்டர் முழுவதும். ஆறு மீட்டர் முன்னே வந்தாலோ அது நான்கரை மீட்டரை ஒட்டிச் சுருங்கிவிடும். இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் முன்னேறுவதே எப்போதும் மேல் என்று தோன்றும். ஆனால் அகலம் குறையும் அதே விகிதத்தில் நேரமும் குறைகிறது. குறையாமல் நிற்பது மூளையின் தாமதம் ஒன்றுதான். விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வரும் பந்து, கோல்கோட்டில் நிற்பவருக்கு 0.64 விநாடி தரும், தீர்ப்புக்கு 0.25 விநாடி போக, பாய 0.39 மிஞ்சும். ஆறு மீட்டர் முன்னே நிற்பவருக்குக் கிடைப்பதோ 0.40, அதில் பாய மிஞ்சுவது 0.15 மட்டுமே. கையை நீட்டி ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டரைப் பாயாமலே காக்கலாம் என்று கொண்டாலும், ஓரத்துப் பந்தை எட்ட முதலாமவர் விநாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் வேகத்திலும், இரண்டாமவர் எட்டரை மீட்டர் வேகத்திலும் பாயவேண்டியிருக்கும். முன்னே வந்தவர் நிலைமை மோசமாகிவிட்டதே! இன்னும் ஆறு மீட்டர் துணிந்து சென்று, பந்துக்கு நான்கு மீட்டர் தொலைவில் கைகளை விரித்து நின்றாலோ, மறைக்கவேண்டிய அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. உடலே அதை மூடிவிடும், பாயவே வேண்டாம்.

இதிலிருந்து தெரிவது என்னவென்றால், பின்னே நிற்பதும் ஒரு கொள்கை, முற்றாக முன்னேறுவதும் ஒரு கொள்கை. பாதிவழியில் நிற்பதுதான் நாசம். கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி தருபவர்கள் இடையில் சிக்கிக்கொள்ளாதே என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவதன் கணிதம் இதுவே. எந்தக் கணத்தில் புறப்பட்டால் எதிரி தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் அந்த நான்கு மீட்டரை எட்டலாம் என்பது கணிதத்தில் கிடைக்காது. எதிரியின் கால் பந்தைச் சற்று நீளமாகத் தட்டிவிட்ட அந்த நொடியைக் கண்டுகொள்ள நூற்றுக்கணக்கான ஆட்டங்களின் பழக்கம் வேண்டும்.

யூகத்தின்மேல் கட்டப்பட்ட தொழில் யூகத்தாலேயே கவிழ்வதும் உண்டு. 1950-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்களுக்கு முன்னால் நடந்ததை விளையாட்டு உலகம் இன்னும் மறக்கவில்லை. உருகுவேயுடன் சமன் செய்தாலே பிரேஸில் உலக சாம்பியன். 66-ஆம் நிமிஷத்தில் உருகுவேயின் கிஜ்ஜியா வலப்பக்கமாக ஓடிவந்து பந்தைக் குறுக்கே அனுப்ப, சக ஆட்டக்காரர் ஸ்கியாஃபினோ அதைக் கோலாக்கினார். 79-ஆம் நிமிஷத்தில் கிஜ்ஜியா மறுபடியும் அதே வழியில் ஓடிவந்தார். இம்முறையும் குறுக்கேதான் அனுப்புவார் என்று எதிர்பார்த்த பிரேஸில் கோல்கீப்பர் பார்போஸா, அருகிலிருந்த கம்பத்தை விட்டு ஓரடி நகர்ந்தார்; கிஜ்ஜியா அந்தக் கம்பத்துக்கும் அவருக்கும் இடையிலிருந்த சந்தில் பந்தைச் செலுத்திவிட்டார். மூளை செய்த வேலையில் குற்றமில்லை. சற்று முன் நடந்ததை ஆதாரமாகக் கொண்டு அடுத்து வருவதை எடைபோடுவதே அதன் இயல்பு. பெரும்பாலான நாட்களில் அந்த எடை சரியாகவே இருக்கும். பார்போஸா 2000-ஆம் ஆண்டில் இறக்கும்வரை அந்தப் பழியைச் சுமந்தார். அது அநியாயம் என்பதே என் அபிப்பிராயம்.

யாஷினுக்கும் அப்படி ஒரு காலம் வந்தது. 1962-இல் சிலி நாட்டில், கொலம்பியாவின் மார்க்கோஸ் கோல் என்பவர் உதைத்த கார்னர் பந்து எவர் மீதும் படாமல் நேரே வலைக்குள் போயிற்று. 4-1 என்றிருந்த ஆட்டம் 4-4 என்று முடிந்தது. ஆடவர் உலகக் கோப்பையில் அத்தகைய கோல் வேறொன்று விழுந்ததில்லை. பின்னர்க் காலிறுதியில் சிலி தூரத்திலிருந்து அடித்த இரண்டு பந்துகளும் அவரைத் தாண்டின. முப்பத்திரண்டு வயதான யாஷினின் காலம் முடிந்ததென்று பத்திரிகைகள் எழுதின; சொந்த நாட்டு மைதானங்களில் கேலிக்கூச்சல் எழுந்தது. மறு ஆண்டிலேயே, இங்கிலாந்தை எதிர்த்து வெம்ப்ளியில் ஆடிய உலக அணியில் முதல் பாதி முழுவதும் ஒரு கோலும் விடாமல் காத்து, ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குரிய தங்கப் பந்து விருதையும் அவர் பெற்றார்.

சுழன்று வளையும் பந்து நம் கண்ணின் ஒரு பலவீனத்தைக் குறிபார்த்து அடிக்கிறது. தன்னைத்தானே சுற்றிக்கொண்டு செல்லும் பந்து, தன்னைச் சூழ்ந்த காற்றை ஒரு பக்கமாகத் திருப்பித் தள்ளுவதால், தான் எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. இதற்கு மாக்னஸ் விளைவு என்று பெயர். நேராகச் செல்லும் பந்தின் வேகத்தை மதிப்பிடுவதில் நம் பார்வை கெட்டிக்காரத்தனமானது. ஆனால் திசையோ வேகமோ கணந்தோறும் மாறிக்கொண்டேயிருந்தால் அந்த மாற்றத்தை அளக்கும் திறன் அதற்கு மிகக் குறைவு. ஆகவே இக்கணத்தில் செல்லும் திசையிலேயே இறுதிவரை செல்லும் என்று அது தீர்மானித்துவிடுகிறது. கைதேர்ந்த ஆட்டக்காரர்களும் இதில் ஏமாறுகிறார்கள் என்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. 1997-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லியோன் நகரில் பிரேஸிலின் ராபெர்ட்டோ கார்லோஸ் சுமார் 35 மீட்டரிலிருந்து அடித்த ஃப்ரீ கிக், கோலுக்கு வெகு வெளியே போவதுபோலச் சென்று கடைசியில் வளைந்து கம்பத்தில் உரசி உள்ளே விழுந்தபோது, பிரெஞ்சுக் கோல்கீப்பர் பார்த்தேஸ் நின்ற இடத்தைவிட்டு நகரவேயில்லை. நகராததில் வியப்பேதும் இல்லை.

சுழலாத பந்து இன்னும் பொல்லாதது. 2010 உலகக் கோப்பைக்கென்று செய்யப்பட்ட ஜபுலானிப் பந்தில், பழைய 32 துண்டுகளுக்குப் பதிலாக எட்டே துண்டுகள் இருந்தன; தையல் குறைந்து மேற்பரப்பு வழுவழுப்பானதால், வழக்கமாக ஃப்ரீ கிக் செல்லும் வேகத்திலேயே அதைச் சுற்றிய காற்றோட்டம் நிலைகுலைந்து, பந்து இங்குமங்கும் தள்ளாடியது. கோல்கீப்பர்கள் ஒருமித்துக் கூக்குரலிட்டார்கள். அவர்களுடைய புகார் சோம்பேறிகளின் சாக்கல்ல என்பதை அமெரிக்காவின் நாஸா நிலையத்தில் நடந்த காற்றுச்சுரங்கச் சோதனை மெய்ப்பித்தது.

பாயாமல் நிற்பதே சில வேளைகளில் நல்லது என்று ஓர் ஆய்வு சொல்கிறது. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுக்கு 29 பந்துகள் கோலின் நடுப்பகுதிக்கே வந்தன. ஆயினும் கோல்கீப்பர்கள் நடுவில் நின்றது நூற்றுக்கு ஆறு தடவைதான். நின்றபோது மூன்றில் ஒரு பந்தைத் தடுத்தார்கள். இடமோ வலமோ பாய்ந்தபோது ஏழெட்டில் ஒன்றைத் தடுத்தார்கள். பின் ஏன் பாய்கிறார்கள்? பாய்ந்து தவறவிட்டால் பிரயாசை செய்தான் என்று ஜனங்கள் அனுதாபப்படுவார்கள். மரம்போல் நின்று தவறவிட்டால் வைவார்கள். எல்லோரும் நிற்க ஆரம்பித்துவிட்டால் உதைப்பவர்கள் நடுவில் அடிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பதும் நிச்சயம். ஆகையால் இந்தப் புள்ளிவிவரத்தை யாரும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனி உடலைப் பற்றி. ஓடுகிறவர்களுக்கு வரும் தொடைத்தசைக் கிழிவு முதலியவை கோல்கீப்பருக்குக் குறைவு. அவருடைய தண்டனை விரல்களிலும் தோளிலும் தலையிலும் விழுகிறது. 1931-இல் கிளாஸ்கோவில் எதிரியின் காலடியில் பாய்ந்த செல்டிக் அணியின் ஜான் தாம்ஸன் மண்டை உடைந்து அன்றிரவே மாண்டார், வயது 22. 1956-ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கோப்பை இறுதி ஆட்டத்தில், யுத்தக் கைதியாக வந்து அந்நாட்டிலேயே தங்கிவிட்ட ஜெர்மானியர் பெர்ட் டிராட்மன், மான்செஸ்டர் சிட்டியின் சார்பில் கடைசி 17 நிமிஷங்களை முறிந்த கழுத்தோடு ஆடி முடித்தார். மாற்று ஆட்டக்காரரை இறக்க விதியில்லாத காலம் அது. முறிவு சில நாட்களுக்குப் பின் எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. 2006-இல் மண்டையோட்டில் முறிவு கண்ட செக் நாட்டு பீட்டர் செக், 2019-இல் ஓய்வு பெறும்வரை தலைக்கவசத்தோடேயே ஆடினார்.

விஞ்ஞானியின் கண்ணுக்கு இவர்கள் எல்லோரையும்விட ருசிகரமானவர் இங்கிலாந்தின் கார்டன் பேங்ஸ். 1970-இல் குவாடலஹாராவில் பெலே தலையால் முட்டித் தரையில் குத்திய பந்தை, மறுகோடியிலிருந்து பாய்ந்துவந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டவர் அவர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மோட்டார் விபத்தில் அவருடைய வலக்கண்ணின் பார்வை போயிற்று. இரு கண்களின் பார்வை வேறுபாட்டைக் கொண்டுதான் தூரத்தை அளக்கிறோம் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அப்படியானால் ஒற்றைக் கண்ணர் கோலில் நிற்கவே முடியாது. ஆனால் 1977-இல் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் அணிக்கு ஆடிய பேங்ஸ், அந்நாட்டு லீகின் அவ்வாண்டுத் தலைசிறந்த கோல்கீப்பராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்! இருகண் அளவீடு சில மீட்டருக்குள் மட்டுமே கூர்மையானது. அதற்கு அப்பால், நம்மை நோக்கி வரும் பொருளின் பிம்பம் விழித்திரையில் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதைக் கொண்டு, அது இன்னும் எத்தனை நேரத்தில் வந்துசேரும் என்று மூளை கணக்கிடுகிறது. இதற்கு ஒரு கண்ணே போதும். முப்பத்தொன்பது வயதில் ஒரு கண்ணோடு ஆடியவரின் மற்ற முதலீடெல்லாம் அவர் தலைக்குள் பத்திரமாக இருந்தது.

இப்பொழுது வயதுக்கணக்குக்கு விடை சொல்லிவிடலாம். ஒளியைக் கண்டு பொத்தானை அழுத்தும் வேகம் இருபது வயதுக்குப் பின் குறைந்துகொண்டுதான் போகிறது. ஆனால் பத்தாண்டுக்கு அதில் கூடும் தாமதம் விநாடியின் ஆயிரத்தில் சில பங்குகளே. பாய்ச்சல் குறைவது அதைவிட அதிகம். அதைப் பயிற்சியால் ஓரளவு தாக்குப்பிடிக்கலாம். ஊன்றுகாலைப் படிக்கும் திறமையோ ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறது. அதனால் விநாடியின் பத்தில் ஒரு பங்கு முன்னதாகப் புறப்பட முடிகிறவருக்குத் தசையில் நேர்ந்த நஷ்டம் ஈடாகிவிடுகிறது. வரவும் செலவும் சமமாகிற அந்த வயது, மற்ற ஆட்டக்காரர்கள் வீட்டுக்குப் போகும் வயது. முப்பதுகளின் இறுதியில் வரவு நின்று செலவு மட்டும் தொடரும். ஜோஃப் போன்றவர்கள் அதையும் சற்றுத் தள்ளிப்போட்டார்கள். 1992-இல் வந்த விதி, தன் அணிக்காரர் வேண்டுமென்றே காலால் தட்டியனுப்பும் பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக்கூடாது என்று ஆக்கியபின், அவர் காலாலும் வித்தைக்காரராக இருக்கவேண்டியதாயிற்று. ஆயினும் நாற்பதைத் தொடும் கோல்கீப்பர்கள் மறைந்துவிடவில்லை. இத்தாலியின் பூஃபான் 45 வயதில்தான் 2023-இல் ஓய்வு பெற்றார்.

நம் பள்ளிக்கூட மைதானங்களில் ஓடத்தெரியாத பையனையும், கடைசியாக வந்து சேர்ந்தவனையும் கோலில் நிறுத்துவது இன்றும் வழக்கமாயிருக்கிறது. நான்கு கோல் விட்டதும் அவனை மாற்றிவிடுவதும் அதே வழக்கத்தின் இரண்டாம் பாதி. உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கூர்ந்து கவனிக்கும் பழக்கமுள்ள பையன் ஒருவனையோ பெண் ஒருத்தியையோ தேர்ந்தெடுத்து அங்கே நிறுத்துங்கள், பந்தைப் பார்க்கச் சொல்வதோடு நில்லாமல், உதைப்பவரின் ஊன்றுகாலைப் பார்க்கவும் கற்றுக்கொடுங்கள், பதினெட்டு வயதில் சோபிக்கவில்லையென்று கைவிட்டுவிடாதீர்கள். யாஷின் தம் அணியில் நிரந்தர இடம் பெற்றபோது அவருக்கு வயது இருபத்துமூன்று தாண்டியிருந்தது.